பேச்சிக்குத் துணி இல்லை

ஈரோட்டிலிருந்து மலையேறி வந்த
பதினொரு துணிக்கட்டு.
ஒவ்வொன்றின் கரையிலும் பொன்னெழுத்தில் ஒரு பெயர்:
மூத்த ராணி, இளைய ராணி, திவான்,
மாளிகை விருந்து, இன்னும் என்னென்னவோ.
இரவு எட்டரைக்கு வருகிற ஜமீன் கதை
இப்போது மீட்டர் கணக்கில் கிடைக்கிறது.

கோத்தகிரி மார்க்கெட்டுக்கு எதிர் மாடியில்
ஒட்டுப்போர்வை தைக்கிறவர்கள் நாங்கள் ஐந்து பேர்.
ஆர்டர் கொடுப்பவர்கள் குயில்ட் என்பார்கள்.
அதனால் ஊருக்கு நாங்கள் குயில் அக்காக்கள்.
கூவுவதில் குறை வைப்பதில்லை.

பியூலா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆரம்பித்தாள்:
"நூறு வருஷத்துக்கு முந்தி
இப்படி ஒரு ஊதா இருந்திருக்குமா?
இது கேக் மேலே பூசுகிற ஊதா."
"நீ போய்ப் பார்த்தியா?" என்றாள் ரஹ்மத்.

யோகராணி எதுவும் பேசவில்லை.
ஆளுக்கொரு நூலை உருவினாள்,
தீக்குச்சி கிழித்தாள்.
திவான் மெல்லிய சாம்பலானார். சுத்தப் பருத்தி.
மூத்த ராணி உருகி
மிளகுபோல் கறுத்து உருண்டு
விரலைச் சுட்டாள்.
"கதையிலும் இவ இப்படித்தானே!"

அப்புறம் அந்த மயில். ஒரு முழ நீளம்.
ஐந்தங்குலச் சதுரமாக வெட்டினால்
ஒன்றில் அலகு வரும், ஒன்றில் ஒற்றைக் கால்,
மிச்சத்தில் எல்லாம் தோகைக் கண்கள்.
"படுத்திருக்கிறவனை ராத்திரி முழுக்க
யாரோ முறைச்சுப் பார்க்கிற மாதிரி இருக்கும்"
என்றாள் மாதி.
இதை வரைந்தவர்
ஒருநாளும் கத்தரிக்கோல் பிடித்தவரில்லை.
இந்த ஒன்றில் மட்டும் ஐந்து பேருக்கும் ஒரே வாய்.

இளைய ராணியின் பச்சையை மட்டும்
நான் விட்டுக்கொடுக்கவில்லை.
கேரட் கழுவுகிற தொட்டியின் ஓரத்தில்
வெயில் பட்ட பாசி,
அந்தப் பச்சை.
எனக்கு அவளைப் பிடிக்காது, அழுமூஞ்சி.
துணி வேறு, ஆள் வேறு.

விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
மாதிதான் கேட்டாள்:
"பேச்சிக்கு எங்கே?"

பேச்சி, இருநூற்றுப் பதினேழு நாளாக
ராணிகளுக்குப் பின்னால் விளக்கேந்தி நிற்பவள்.
முழுசாக ஒரு வசனம் கிடையாது.
மாற்றாத ஒரே சேலை,
வெற்றிலைச் சாறு காய்ந்த நிறம்.
சீட்டில் குதிரைக்குக்கூட ஒரு துணி இருந்தது,
லாட அச்சு, மீட்டர் இருநூற்று நாற்பது.
பேச்சிக்கு இல்லை.

மூன்று மணிக்கே மூடுபனி உள்ளே வந்தது,
பின்னாலேயே கரண்டும் போனது.
மடித்து வைக்கும்போது
'மாளிகை விருந்து' ரஹ்மத்தின் கைநழுவித்
தலைகீழாக விரிந்தது.
குங்குமச் சிவப்பு, தங்கப்பொடி எல்லாம் தரையைப் பார்க்க,
மேலே வந்தது
சாயம் அரைகுறையாக ஊறி இறங்கிய முதுகுப்பக்கம்.
செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தோம்.
அவளேதான்.

"உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்தால்
ஆர்டர்காரர் காசு தரமாட்டார்" என்றாள் பியூலா.
சரிதான். கொடநாடு ரோட்டு பங்களாக்காரருக்கு
நான்கு போர்வை, நாலும் பளபளவென்று வேண்டும்.
மூன்றைப் பளபளவென்றே தைத்தோம்.
நான்காவதைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை.
ஆனாலும் துண்டுகளைத் திருப்பி அடுக்கியது
பியூலாவின் கைதான், நான் பார்த்தேன்.
சாயம் போகிறதா என்று ஊறவைத்த மாதிரித்துண்டு
நாலு நாளாகக் கொடியில் ஈரமாகவே தொங்குகிறது.

நேற்று எட்டு ஐம்பதுக்கு
பேச்சி விளக்கைக் கீழே வைத்தாள்.
நிமிர்ந்தாள். வாய் திறந்தாள்.
விளம்பரம்:
ராணிகளின் பதினொரு வண்ணங்கள், உங்கள் இல்லத்துக்கு.
யோகராணி சத்தத்தைக் குறைத்தாள்.
என்ன சொல்லப் போகிறாளோ என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.
என் ஊசியில் நூல் தீர்ந்திருந்தது.
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து
காதைத் தேடிக்கொண்டிருந்தேன்.